1946 வேல்ஸ் கவுண்டி கவுன்சில் தேர்தல்: 'போட்டியின்றித் தேர்வு' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி இதுதான். 1945 ஜூலையில் பிரிட்டன் முழுக்க லேபர் கட்சி 393 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. வேல்ஸில் மட்டும் 36க்கு 25. எட்டு மாதம் கழித்து, 1946 மார்ச்சில், வேல்ஸில் கவுண்டி கவுன்சில் தேர்தல் நடக்கிறது (கவுண்டி என்பது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்; கவுண்டி கவுன்சில் அதன் உள்ளாட்சி மன்றம்). அந்த முடிவுகளின் பட்டியலைப் பார்த்தால் கிராமப்புறக் கவுண்டிகளில் வரிசையாக 'சுயேச்சை', 'சுயேச்சை' என்று வருகிறது. நிறைய இடங்களில் 'போட்டியின்றித் தேர்வு'. அந்த அலை எங்கே போயிற்று? உள்ளூர்த் தேர்தல் என்றால் ஜனங்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை நன்றாகவே இருந்தது. ஆனால் அது வாக்குப்பதிவு நாளில் வெளியே தெரியவில்லை. அந்தக் காலத்து வேல்ஸ் கவுண்டி தேர்தலில் உண்மையான சண்டை இரண்டு தருணங்களில் நடக்கும். வேட்புமனு போடுவதற்கு முன்னால் ஒன்று, முடிவு வந்த பிறகு ஆல்டர்மேன்களை, அதாவது கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டு உள்ளே கொண்டுவரும் கூடுதல் உறுப்பினர்களை, தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. நடுவில் இருக்கிற ஓட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டினால் தவறாகத்தான் போகும்.

முதலில் பின்னணி. 1888 சட்டப்படி உருவானவை இந்தக் கவுன்சில்கள். முதல் தேர்தல் 1889 ஜனவரியில். வேல்ஸில் மன்மத்ஷயரையும் சேர்த்து 13 கவுண்டிகள். (மன்மத்ஷயர் வேல்ஸா இங்கிலாந்தா என்பது தனிக் கச்சேரி. சட்டங்களில் 'வேல்ஸும் மன்மத்ஷயரும்' என்று எழுதியே காலத்தை ஓட்டினார்கள்.) கார்டிஃப், சுவான்ஸீ, நியூபோர்ட், மெர்தர் டிட்ஃபில் நான்கும் கவுண்டி அந்தஸ்து பெற்ற நகரங்கள், அவை தனி. கிளமார்கன் கவுண்டி கவுன்சிலின் பெரிய கட்டிடம் இருந்தது கார்டிஃபில், அதாவது அந்தக் கவுன்சிலின் அதிகாரம் செல்லாத ஊரில். மன்மத்ஷயரின் தலைமையகமும் அதே மாதிரி நியூபோர்ட்டில்.

அளவில் இந்தக் கவுண்டிகளுக்குள் எந்தப் பொருத்தமும் கிடையாது. ரேட்னர்ஷயரில் மொத்த ஜனத்தொகையே சுமார் 20 ஆயிரம். கார்டிகன்ஷயரில் சுமார் 53 ஆயிரம். நகரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கிளமார்கனில் 7 லட்சத்துக்கு மேல். ஆனால் மூன்றுக்கும் ஒரே சட்டம், ஒரே பொறுப்புகள். ரேட்னர்ஷயரும் கல்வி இயக்குநர் ஒருவரை வைத்துக்கொண்டு, சாலை போட்டு, நூலகம் நடத்தியாக வேண்டும். 1948இல் மத்திய அரசு ஏழைக் கவுண்டிகளுக்கு ஈடுகட்டும் மானியம் தரத் தொடங்கியதும்தான் இவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். 1937 மார்ச்சில் ஒன்று நடந்தது. அடுத்தது 1940இல் நடந்திருக்க வேண்டும்; போர் வந்ததால் தள்ளிவைத்தார்கள். யாராவது இறந்துபோனாலோ விலகினாலோ கவுன்சிலே ஓர் ஆளைப் பார்த்து நியமித்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார்கள். ஆக, 1937இல் மூன்று வருடத்துக்கென்று உள்ளே வந்தவர்கள் ஒன்பது வருடம் உட்கார்ந்தார்கள். 1946 மார்ச்சில் மறுபடி தேர்தல் அறிவித்தபோது பல கவுன்சில்களில் இருந்தது வயதானவர்கள் கூட்டமும், ஓட்டே வாங்காமல் நியமனத்தில் வந்தவர்களும்தான்.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. போருக்கு முன்னால் உள்ளூர் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வீட்டையோ கடையையோ சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருப்பவர், அவருடைய கணவர் அல்லது மனைவி, அவ்வளவுதான். அப்பா அம்மாவோடு இருக்கிற 25 வயது சுரங்கத் தொழிலாளிக்குப் பார்லிமென்ட் ஓட்டு உண்டு, கவுண்டி ஓட்டு கிடையாது. 1945இல் வந்த சட்டம் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. பார்லிமென்ட் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளூர்த் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். 1946 மார்ச் தேர்தல்தான் கவுண்டிகளுக்கு இந்தப் புதுப் பட்டியலோடு வந்த முதல் பொதுத்தேர்தல். வேல்ஸின் தொழில் பகுதிகளில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழ்ந்த காலம் என்பதால், இதனால் புதிதாக ஓட்டு வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை.

சரி, இவ்வளவு பேருக்கு ஓட்டு வந்தும் ஏன் போட்டியே இல்லை?

'போட்டியின்றி' என்ற ஒரே சொல்லுக்குக் கீழே இரண்டு முற்றிலும் வேறான கதைகள் கிடக்கின்றன. கார்டிகன்ஷயர், மெரியோனித், மான்ட்கோமரி, ரேட்னர் மாதிரியான இடங்களில் ஒரு கதை. ரோண்டா, அபெர்டேர், எப் வேல் மாதிரியான நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் வேறு கதை.

கிராமத்துக் கதையை முதலில் பார்ப்போம். அங்கே கவுன்சிலர் யார்? பெரிய பண்ணைக்காரர், டாக்டர், கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சில இடங்களில் போதகரே. பெரும்பாலும் ஏதோ ஒரு சேப்பலில் (மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் மாதிரியான சபைகளின் வழிபாட்டு இடம்) டீக்கனாக, அதாவது சபை நிர்வாகியாக, இருப்பார். வேல்ஸ் கிராமத்தில் சேப்பல் என்பது ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற இடம் மட்டும் கிடையாது. யார் எந்தச் சேப்பல் என்பது யார் யாருடைய உறவு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அடங்கிய கணக்கு. பள்ளத்தாக்கின் மேல்பகுதி மெதடிஸ்ட் சேப்பலும் கீழ்ப்பகுதி பாப்டிஸ்ட் சேப்பலும் ஆளுக்கு ஒருவரை நிறுத்தினால், தேர்தல் முடிந்தாலும் சண்டை முடியாது. அறுவடைக்கு ஒருவருக்கொருவர் ஆள் உதவி செய்துகொள்கிற ஊரில் அது பெரிய செலவு. அதனால் வேட்புமனுவுக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். இருக்கிற ஆள் உயிரோடு இருக்கும்வரை அவரை எதிர்த்து நிற்பது மரியாதைக் குறைவு. அவர் போன பிறகு யார் என்பது அடக்க வீட்டிலேயே கிசுகிசுவாகத் தொடங்கிவிடும்.

இவர்கள் 'சுயேச்சை' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கார்டிகன்ஷயர் சுயேச்சைகளில் பலர் பார்லிமென்ட் தேர்தல் வந்தால் லிபரல் கட்சிக்கு வேலை செய்தவர்கள். 1945இல் பிரிட்டன் முழுக்க லிபரல்களுக்குக் கிடைத்தது 12 இடங்கள். அதில் 7 வேல்ஸில். கார்டிகன் அதில் ஒன்று. கார்மார்தன் தொகுதியில் லேபர் அலைக்கு நடுவிலேயே லேபரிடமிருந்து இடத்தைப் பறித்தார் ரிஸ் ஹாப்கின் மாரிஸ். ஆக, கிராமத்து வேல்ஸில் லேபர் அலை பார்லிமென்ட் தேர்தலிலேயே பாதிதான் வீசியது. கவுண்டி தேர்தலில் அது காணாமல் போய்விட்டது என்று சொல்வதே சரியில்லை.

அப்புறம் பள்ளத்தாக்குக் கதை. கிளமார்கன், மன்மத்ஷயர் கவுன்சில்களை லேபர் 1919லேயே பிடித்துவிட்டது. அந்த வருடம் பிரிட்டனில் லேபர் வசம் வந்த மூன்று கவுண்டி கவுன்சில்களில் இவை இரண்டு. மூன்றாவது வட இங்கிலாந்தில் உள்ள டரம். அதற்குப் பிறகு சுரங்க ஊர்களில் தேர்தல் என்பது தொழிற்சங்கக் கிளைக்குள் நடப்பது. சுரங்கத் தொழிலாளர் கிளை, ரயில்வே கிளை, கூட்டுறவு மகளிர் சங்கம் எல்லாம் ஆளுக்கொரு பெயரைத் தொகுதிக் கட்சிக்கு அனுப்பும். அங்கே நடக்கும் வாக்கெடுப்புதான் தேர்தல். அதில் ஜெயித்தவருக்கு வெளியே எதிரி நிற்கவில்லை என்றால் காரணம், நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதே. பண்ணைக்காரர் போட்டியின்றி வந்ததற்குக் காரணம் ஊர் சமரசம். சுரங்கக்காரர் போட்டியின்றி வந்ததற்குக் காரணம் கட்சி பலம். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும்.

ரோண்டாவில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: கம்யூனிஸ்டுகள். 1945 பொதுத்தேர்தலில் ரோண்டா கிழக்கில் ஹாரி பாலிட் வெறும் 972 ஓட்டில்தான் லேபரிடம் தோற்றார். போருக்கு முன்பே கிளமார்கன் கவுண்டி கவுன்சிலில் லூயிஸ் ஜோன்ஸ் என்ற கம்யூனிஸ்ட் உறுப்பினர் இருந்தார். வேலையில்லாதோர் ஊர்வலங்களை நடத்தியவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்காக ஒரே நாளில் பல கூட்டங்களில் பேசிவிட்டு 1939 ஜனவரியில் இறந்துபோனார். எனவே ரோண்டாவில் போட்டி நடந்த இடங்களில் பார்த்தால் வலது இடது சண்டை கிடையாது. இடதுசாரிகள் இருவருக்குள் நடந்த சண்டை. கன்சர்வேடிவ் கட்சி அங்கே பார்வையாளர்.

கட்சிப் பெயரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. வாக்குச் சீட்டில் கட்சியின் பெயர் கிடையாது. 1969 சட்டத்துக்குப் பிறகுதான் அது வந்தது. 1946 சீட்டில் இருந்தது பெயர், முகவரி, தொழில். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்ற நாலைந்து குடும்பப் பெயர்களை வைத்தே ஊர் முழுக்கப் புழங்குகிற நாட்டில், தொழிலும் பண்ணையின் பெயரும்தான் அடையாளம். இரண்டு டேவிட் டேவிஸ்கள் நின்றால் ஒருவர் 'விவசாயி', மற்றவர் 'நிலக்கரி வியாபாரி'. ஊர்க்காரருக்கு அது போதும். பட்டியலில் நீங்கள் பார்க்கிற 'சுயேச்சை', 'லிபரல்' என்ற முத்திரைகள் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள் போட்டவை. அபெரிஸ்ட்வித்தின் கேம்ப்ரியன் நியூஸ் ஒருவரை லிபரல் என்று எழுதும்; அவரே தன்னைச் சுயேச்சை என்பார். ஆகவே 'சுயேச்சை இத்தனை, லிபரல் இத்தனை' என்ற கூட்டலை நான் பென்சிலால்தான் எழுதிக்கொள்வேன்.

இரண்டு உலகமும் ஒரே கவுன்சிலில் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. என் பார்வையில் அந்தக் காலத்து வேல்ஸில் மிகவும் சுவாரசியமான கவுண்டி அதுதான்: கார்மார்தன்ஷயர். தென்கிழக்கே லானெலியின் தகரத் தகடு ஆலைகள், அம்மன், க்வென்ட்ரய்த் பள்ளத்தாக்குகளின் அந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கங்கள், அங்கே லேபர். மேற்கும் வடக்கும் டவி நதியோரத்துப் பால் பண்ணைகள், அங்கே சுயேச்சைகள். இரு பக்கமும் வெல்ஷ் பேசுபவர்கள். எனவே மொழியை வைத்துக் கட்சி பிரிக்க முடியாது.

அங்கே லங்காடோக் என்ற கிராமத்தில் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். பெயர் குவின்ஃபோர் எவன்ஸ். பாரி துறைமுகத்தில் பெரிய கடை வைத்திருந்தவரின் மகன். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்து, பிறகு வெல்ஷ் கற்றுக்கொண்டவர். போரின்போது மனசாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர். 1945இல் வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவரானார். 1949 கவுண்டி தேர்தலில் லங்காடோக்கிலிருந்து கார்மார்தன்ஷயர் கவுன்சிலுக்குப் போனார். கவுன்சிலில் கட்சிக்காரர் என்று பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தேசியவாதி என்றாலே போர்க்காலத் துரோகி மாதிரி பார்த்த காலம் அது. லேபர்காரர்கள் அவரை ஒரு வழி பண்ணினார்கள். ஆனாலும் 1974இல் அந்தக் கவுன்சிலே கலைக்கப்படும்வரை 25 வருடம் அவர் அங்கேதான் இருந்தார்.

1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் ஜெயித்து பிளைட் கம்ரியின் முதல் பார்லிமென்ட் உறுப்பினர் ஆனாரே, அதைப் பெரிய அதிசயமாக எழுதுவார்கள். நான் அதில் அவ்வளவு அதிசயப்பட மாட்டேன். பதினேழு வருடமாகப் பள்ளிக்கூடக் கூரை, பஸ், சாலை என்று பேசிக்கொண்டிருந்த கவுன்சிலர் அவர். சேப்பல் பிரிவுகளில் ஒன்றான வெல்ஷ் இண்டிபெண்டன்ட் சபைகளின் ஒன்றியத்துக்குத் தலைவராக இருந்தவர். கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களும் ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். லங்காடோக் முதலில் அவரைத் தேர்ந்தெடுத்தது கட்சிக்காக என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி ஓட்டு எண்ணிக்கைக்குப் பிந்தைய கதை. இதைத்தான் பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் மூன்று பேருக்கு ஓர் ஆல்டர்மேன் என்பது விகிதம். அவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் ஆறு வருடம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பாதிப் பேர் ஓய்வு. ஆல்டர்மேன் சென்னைக்குப் புதிதல்ல. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோதே ஒரு மேயரும் 12 ஆல்டர்மேன்களும் இருந்தார்கள். ஆனால் வேல்ஸ் கவுண்டிகளில் இது அலங்காரப் பதவியாக இருக்கவில்லை. ஆல்டர்மேனுக்குக் கவுன்சிலருக்குச் சமமான ஓட்டு உண்டு. குழுத் தலைவர் பதவிகள் பெரும்பாலும் அவர்களிடம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கவுன்சிலர்கள் உள்ள கவுண்டி என்று வைத்துக்கொள்வோம். 20 ஆல்டர்மேன்கள், இந்த முறை 10 இடம் காலி. ஒரு கட்சிக்கு 31, எதிர்ப்பக்கம் 29. அந்த 31 பேர் ஒரே மனதாக ஓட்டுப் போட்டால் பத்து இடத்தையும் அள்ளிக்கொள்ளலாம். இரண்டு இடப் பெரும்பான்மை ஒரே மதியத்தில் பன்னிரண்டு ஆகிவிடும். மறுபக்கம், பதவிக்காலம் முடியாத பழைய 10 பேரும் எதிரணி என்றால், மக்கள் கொடுத்த பெரும்பான்மை மூன்று வருடத்துக்கு நூலிழையில் தொங்கும். 1949 ஏப்ரலில் லண்டன் கவுண்டி கவுன்சிலில் லேபர் 64, கன்சர்வேடிவ் 64, லிபரல் 1 என்று வந்தது. ஆனாலும் லேபர்தான் ஆண்டது. காரணம், ஆல்டர்மேன் பலம்.

இதில் வேறு வசதிகளும் உண்டு. மக்களிடம் தோற்றுப்போன மூத்த தலைவரை ஆல்டர்மேனாக்கி அதே நாற்காலியில் உட்காரவைக்கலாம். இருக்கிற கவுன்சிலரை உயர்த்தினால் அவர் தொகுதியில் இடைத்தேர்தல் வரும். அதனால் பாதுகாப்பான தொகுதிக்காரரைப் பார்த்து உயர்த்துவார்கள். சுயேச்சைகள் நிறைந்த கவுன்சில்களில் கட்சிக் கட்டளை இல்லாததால், பல இடங்களில் சீனியாரிட்டிதான் விதி. நீண்ட நாள் இருந்தவருக்கு முதலில்; அதற்குள்ளேயே எந்தப் பகுதிக்கு எத்தனை என்ற பேரமும்.

தேர்ந்தெடுக்கும் முறையும் விசேஷமானது. சாதாரண ஜனங்கள் போடுவது ரகசிய ஓட்டு. கவுன்சிலர்கள் ஆல்டர்மேனுக்குப் போடுவது பகிரங்க ஓட்டு. ஒவ்வொருவரும் ஒரு தாளில் தான் ஆதரிப்பவர்களின் பெயர், முகவரி, தொழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, எழுந்து போய்த் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லாத் தாளும் வந்த பிறகு தலைவர் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். யார் யாரைக் கைவிட்டார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். முப்பது வருடப் பழக்கமுள்ள இரண்டு பேர் இப்படியொரு மதியத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வது நடக்காத காரியமா என்ன!

இந்த முறையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேல்ஸிலேயே பெரிய உதாரணம் லாயிட் ஜார்ஜ். 1889 முதல் தேர்தலில் லிபரல்கள் வேல்ஸை வாரிச் சுருட்டியபோது, 26 வயதான அவரைக் கார்னார்வன்ஷயர் கவுன்சில் ஆல்டர்மேனாக்கியது. 'பொடியன் ஆல்டர்மேன்' என்று கிண்டல் செய்தார்கள். நடுவில் அவர் பிரதமராகவும் ஆகிவிட்டார், ஆனால் ஆல்டர்மேன் பதவியை 1945 மார்ச்சில் இறக்கும்வரை வைத்திருந்தார். 56 வருடம், அந்தப் பதவிக்காக ஒரு சாதாரண வாக்காளரின் ஓட்டும் இல்லாமல்.

பெண்கள் மேலே வருவதற்கும் ஆல்டர்மேன் வரிசையே பாதை. ஆனால் மிகக் குறுகலான பாதை. அபெர்டேரைச் சேர்ந்த ரோஸ் டேவிஸ் 1925இல் கிளமார்கன் கவுன்சிலுக்குத் தேர்வான முதல் பெண், பிறகு ஆல்டர்மேன், 1949இல் அந்தக் கவுன்சிலின் முதல் பெண் தலைவர். உள்ளே நுழைந்து தலைவர் நாற்காலிக்கு வர 24 வருடம்.

இவ்வளவு சண்டையும் எதற்காக? கவுண்டி கவுன்சில் கையில் என்னதான் இருந்தது?

போருக்குப் பிறகு சில அதிகாரங்கள் போயின. 1948 ஜூலை 5ஆம் தேதி மருத்துவமனைகள் தேசிய சுகாதாரச் சேவைக்குப் போயின. ஏழைகள் நிவாரணமும் அன்றே மத்திய அரசிடம் சேர்ந்தது. சில புதிதாக வந்தன. 1948 ஏப்ரலில் தீயணைப்பு, 1947 சட்டப்படி நிலத் திட்டமிடல், 1948 சட்டப்படி குழந்தைகள் நலத்துறை. இந்தக் கடைசிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வேல்ஸ் சிறுவனின் மரணம் இருக்கிறது. நியூபோர்ட்டிலிருந்து ஷ்ராப்ஷயர் பண்ணை ஒன்றுக்கு வளர்ப்புக்கு அனுப்பப்பட்ட 12 வயது டெனிஸ் ஓநீல் 1945 ஜனவரியில் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் இரண்டு உள்ளாட்சிகளுக்கு நடுவே விழுந்துபோன குழந்தை அவன். அந்த விசாரணைக்குப் பிறகுதான் ஒவ்வொரு கவுண்டியும் குழந்தைகளுக்கென்றே ஓர் அதிகாரியை நியமித்தாக வேண்டும் என்று வந்தது.

வீடு கட்டுவது, குப்பை அள்ளுவது இதெல்லாம் கீழேயுள்ள மாவட்டக் கவுன்சில்களின் வேலை. வரி வசூலும் அவர்களுடையதே. கவுண்டி தனக்கு வேண்டிய தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கவுண்டிதான் பெரும்பகுதியைச் செலவழிக்கும், ஆனால் வரி ரசீதை வைத்துக்கொண்டு ஜனம் திட்டுவது மாவட்டக் கவுன்சிலை. கவுண்டி தேர்தலில் சூடு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கூடவே, 1929 முதல் விவசாய நிலத்துக்கு உள்ளாட்சி வரியே கிடையாது. கவுன்சிலை நடத்திய பண்ணைக்காரர்கள் நிலத்துக்கு வரி கட்டாதவர்கள்!

உண்மையான பரிசு கல்விதான். 1944 சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் எல்லாம் கவுண்டிகளின் கையில். ஒரு கவுண்டியில் இருக்கிற மிகப் பெரிய சம்பளப் பட்டியல் ஆசிரியர்களுடையது. தென் வேல்ஸில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தவர் கவுன்சிலர்களின் வீடு வீடாகப் போய்க் கும்பிடு போட்டுவிட்டு வருவது ஊரறிந்த வழக்கம். அதைப் பற்றிய ஜோக்குகளுக்கே பஞ்சமில்லை. பல சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிள்ளையை ஆசிரியராக்குவதுதான் குடும்பம் மேலே வர ஒரே வழி என்பதால், கவுண்டி கவுன்சிலர் என்பவர் ஊரில் பார்லிமென்ட் உறுப்பினரைவிடப் பெரிய ஆள்.

கிளமார்கனின் கல்விக் குழுவை நீண்ட காலம் நடத்திய லெவெலின் ஹேகாக் ரயில் என்ஜின் டிரைவர். 1967இல் லார்ட் பட்டம் பெற்றார். அவர் காலத்தில், 1962இல், ரிட்வெலனில் தென் வேல்ஸின் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதற்கு முன்பே 1947 மார்ச் 1ஆம் தேதி, புனித டேவிட் நாளன்று, கார்மார்தன்ஷயர் லானெலியில் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி ஒன்றைத் திறந்திருந்தது. உள்ளாட்சி நடத்திய அந்த வகைப் பள்ளிகளில் அதுதான் முதல். வடக்கே ஃபிளிண்ட்ஷயர் 1956இல் ரில் நகரில் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளியைக் கொண்டுவந்தது. இவை எதுவும் லண்டனில் தீர்மானமானவை கிடையாது.

ஆங்கில்சி தீவுதான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. 11 வயதில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கும் முறையை விட்டுவிட்டு, 1953க்குள் உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் எல்லோருக்கும் பொதுவான பள்ளிகளாக மாற்றியது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் அதைச் செய்த முதல் கல்வி நிர்வாகம் அது. இத்தனைக்கும் ஆங்கில்சி லேபர் கோட்டை கிடையாது, சுயேச்சைகளின் ஊர். பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் தீவில் இரண்டு வகைப் பள்ளி நடத்தக் கட்டுப்படியாகாது என்ற நடைமுறைக் கணக்கும், நம் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம் என்ற ஊர் உணர்வும் சேர்ந்து செய்த வேலை. 'சுயேச்சை என்றால் பழமைவாதி' என்று பட்டியலைப் பார்த்து நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

அதிகாரத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மெரியோனித்தின் ட்ரவரின் பள்ளத்தாக்கில் கேபல் கெலின் கிராமத்தை மூழ்கடித்து அணை கட்ட லிவர்பூல் மாநகராட்சி நினைத்தபோது, வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் திட்ட அனுமதி கேட்கவே இல்லை. நேராகப் பார்லிமென்ட் போய் 1957இல் ஒரு தனிச் சட்டம் வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் எந்த வேல்ஸ் கவுன்சிலும் தடுக்க வழியில்லை.

கடைசியாகப் பண விஷயம். 1948 வரை கவுன்சிலருக்குச் சம்பளமும் இல்லை, இழந்த கூலிக்கு ஈடும் இல்லை. ரோண்டாவிலிருந்து கார்டிஃபுக்குப் பகல் கூட்டத்துக்கு வரும் சுரங்கத் தொழிலாளிக்கு அன்றைய ஷிப்ட் கூலி போய்விடும். அதனால்தான் லேபர் கவுன்சிலர்களில் சங்கத்தின் முழுநேர அலுவலர், சுரங்கத்தில் எடை சரிபார்ப்பவர், ரயில்வேக்காரர், ஆசிரியரின் மனைவி என்று நேரத்தை வளைக்கக்கூடியவர்களே அதிகம். 1948 சட்டம் இழந்த கூலிக்கு ஈடும் பயணப்படியும் தந்தது. ஆகவே 1946இல் நின்றவர்களையும் 1949இல் நின்றவர்களையும் ஒப்பிடும்போது தொழில் என்ற பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் அந்தப் பட்டியலோடு தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் என் யோசனை: போட்டியில்லாத இடங்களை நிலக்கரிப் பகுதி, விவசாயப் பகுதி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு தேர்தலுக்கு அடுத்து நடந்த வருடாந்தரக் கூட்டத்தைப் பற்றி உள்ளூர் வாரப்பத்திரிகை எழுதியதைத் தேடுங்கள். யார் ஆல்டர்மேன் ஆனார், கல்விக் குழு யாரிடம் போயிற்று என்பது அங்கேதான் இருக்கும். அதற்கடுத்த சில வாரங்களில் வரும் இடைத்தேர்தல் செய்திகளையும் விடாதீர்கள். மார்ச்சில் போட்டியே நடக்காத தொகுதியில் அப்போது நாலு பேர் மனுப்போட்டிருந்தால், பழைய உறுப்பினருக்காகத்தான் அதுவரை எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.